சாத்தமுது உயரத்தில் மாமனார்

ஆடிக்கென்று பிறந்தகம் போன என் மனைவியை, ஆவணி பாதி தாண்டியும் மாமனார் திருப்பி அனுப்பவில்லை. கல்யாணமான முதல் வருஷம் அது. ஆடியில் புதுப்பெண் பிறந்தகத்தில் இருக்க வேண்டும் என்பது வழக்கம். ஆவணி பிறந்ததும் கொண்டுவந்து விட வேண்டும் என்பது அதே வழக்கத்தின் மறுபாதி. என் மாமனார் முதல் பாதியை மட்டும் சாஸ்திரமாக எடுத்துக்கொண்டார். ஆள் அனுப்பிக் காரணம் கேட்டேன். "தரையில நடக்கற மாப்பிள்ளைக்குத்தான் நான் பொண்ணைக் கொடுத்தேன்னு சொல்லு" என்று பதில் வந்தது.

நியாயமான பேச்சுதான். கல்யாணத்தின்போது நான் தரையில்தான் நடந்துகொண்டிருந்தேன். சின்ன காஞ்சீபுரத்தில் வேதாந்தம் சொல்லும் குடும்பம் எங்களுடையது. நான் மட்டும் வக்கீல். எனக்கிருந்த ஒரே உருப்படியான கட்சிக்காரர் ஒரு ஜமீன்தார். யாரோ வாங்கினார்கள் என்று இவரும் மதராஸில் ஒரு பழைய விமானத்தை வாங்கிவிட்டார். இரண்டு பேர் முன்னும் பின்னுமாக உட்காரும் சின்ன விமானம். வாங்கிய பிறகுதான் அதில் ஏற வேண்டும் என்ற விஷயம் அவருக்கு உறைத்தது.

"வக்கீலய்யா, அம்மாம் பெரிய சட்டப் புஸ்தகம் எல்லாம் படிச்சிருக்கீங்க. இது இன்னா பிரமாதம்? இதையும் படிச்சிட்டு வந்துடுங்க" என்றார்.

நான் மறுக்கவில்லை. காரணம் தைரியமல்ல. எனக்கு ஓரிடத்தில் சும்மா உட்காரத் தெரியாது. கோர்ட்டில் எதிர்க்கட்சி வக்கீல் பேசும்போது பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருப்பேன். பேனா இல்லாவிட்டால் கோட்டுப் பொத்தான். இரண்டு பொத்தான் தொலைந்ததும் நீதிபதியே கண்டித்தார். விமானத்தில் உட்கார்ந்த முதல் நாள் என்னைச் சுற்றி எத்தனை பிடிகள், கடிகாரம் மாதிரி எத்தனை முட்கள் என்று பார்த்தேன். இத்தனை காலம் இதற்காகத்தான் நம் கை அலைந்ததோ என்று தோன்றிவிட்டது.

மதராஸில் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் என்னைவிடச் சின்னவரான ஒரு வெள்ளைக்காரர். என் இடது கைப் பக்கம் இரண்டு பிடிகள் இருந்தன. பெரியதை முன்னால் தள்ளினால் என்ஜின் வேகம் கூடும், இழுத்தால் குறையும். அதில் குழப்பமில்லை. குழப்பமெல்லாம் பக்கத்திலிருந்த சின்னப் பிடியில். பெட்ரோலையும் காற்றையும் எந்தப் பதத்தில் கலந்து என்ஜினுக்குக் கொடுப்பது என்பதை அதுதான் தீர்மானிக்கும். தரையருகே காற்று அடர்த்தி; பெட்ரோலும் தாராளமாக வேண்டும். மேலே போகப் போகக் காற்று இளைத்துவிடும், ஆனால் பெட்ரோல் அதே தாராளத்தில் கொட்டிக்கொண்டிருக்கும். என்ஜின் திணறும், கரும்புகை விடும். ஆகையால் உயரத்துக்குத் தகுந்தபடி சின்னப் பிடியை இழுத்துப் பெட்ரோலைக் குறைத்துக் கலவையை நீர்க்கச் செய்ய வேண்டும். இவ்வளவையும் அவர் ஒரே மூச்சில் சொன்னார். நான் ஒரே மூச்சில் மறந்தேன்.

அன்று மத்தியானம் இலை முன்னால் உட்கார்ந்தபோதுதான் எனக்கு வெளிச்சம் உண்டாயிற்று. முதலில் குழம்பு, கெட்டி. அடுத்தது சாத்தமுது, மற்றவர்கள் ரசம் என்பார்களே, அது, நீர்த்தது. கடைசியில் மோர், அதைவிட நீர்த்தது. ஆஹா! தரையில் குழம்பு. கொஞ்சம் ஏறினால் சாத்தமுது. இன்னும் ஏறினால் மோர். அதன் பிறகு கை கழுவி வெற்றிலை பாக்கு. அதாவது, ஸ்விச்சை அணைத்து என்ஜினை நிறுத்துவது. வெள்ளைக்காரர்கள் இத்தனை வருஷமாகக் கஷ்டப்பட்டதை நான் ஒரு சாப்பாட்டில் முடித்துவிட்டேன் என்று பூரித்துப் போனேன். கல்யாணமான புதிதில் மனைவியிடம் பெருமையாகச் சொன்ன முதல் விஷயம் இதுதான். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, எறங்கறச்சே?" என்று கேட்டாள். நான் வேறு ஏதோ பேச ஆரம்பித்துவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். மதராஸில் நான் பறந்ததெல்லாம் தென்னை மரத்துக்குக் கொஞ்சம் மேலே. அந்த உயரத்துக்குச் சின்னப் பிடி தேவையே இல்லை. ஆகவே என் சித்தாந்தம் சாப்பாட்டு இலையோடு நின்றிருந்தது.

செவிலிமேட்டுக்கு அப்பால் ஒரு பொட்டலில் ஓலைக்கொட்டகை போட்டு விமானத்தை நிறுத்தியிருந்தோம். மனைவி போனதிலிருந்து எனக்கு வீட்டில் கால் தரிக்கவில்லை. காலையில் கொட்டகைக்குப் போவேன், விமானத்தைத் துடைப்பேன், துடைத்ததையே மறுபடி துடைப்பேன், வீட்டுக்கு வருவேன். தகப்பனார் பாடம் சொல்லும் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடப்பேன். "உன் நடையில பாஷ்யமே குழம்பறது" என்று அவர் வெளியே விரட்டுவார். கடைசியில் ஒரு நாள் பொறுக்க முடியாமல் மாட்டுவண்டி வைத்துக்கொண்டு திருப்புட்குழிக்கே போய் மாமனார் முன்னால் நின்றேன்.

மாமனார் ஓய்வு பெற்ற தாசில்தார். பேச்சு இன்னும் ஓய்வு பெறவில்லை.

"மாப்பிள்ளை, இந்த ஊருக்கு ஏன் திருப்புட்குழின்னு பேர்? தெரியுமோ?"

"புள் விழுந்த இடம். ஜடாயுவை ராமர் தகனம் பண்ணின ஊர்."

"ஆக, எங்க ஊர்ல ஏற்கெனவே ஒண்ணு விழுந்தாச்சு. அதுக்காவது ராமரே வந்து காரியம் பண்ணினார். உமக்கு யார் வருவா?"

உள்ளேயிருந்து வளையல் சத்தம் கேட்டது. சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்குக் கல்யாண அனுபவம் போதாது. கோபத்தில் வாய் தவறிவிட்டது.

"நீங்களே ஒரு தடவை ஏறிப் பாருங்கோ மாமா. அப்புறம் பேசலாம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏறறேன். ஆனா காக்கா மாதிரி இந்தச் சுவத்துலேர்ந்து கெளம்பி அந்தச் சுவத்துல ஒக்காரப்படாது. வரதர் கோபுரமும் சமுத்திரமும் ஒரே பார்வையில தெரியணும். காட்டிட்டுப் பத்திரமா எறக்கினீர்னா, அன்னிக்கே அவளை அனுப்பறேன். இல்லைன்னா, பறக்கறதை விட்டுட்டு வந்து அழைச்சுண்டு போம்."

வாயாடியது நான், ஒப்புக்கொண்டதும் நான். சமுத்திரம் தெரிய வேண்டுமானால் எவ்வளவு உயரம் போக வேண்டும் என்பதை வண்டியில் திரும்பும்போதுதான் நினைத்துப் பார்த்தேன். அந்த உயரத்துக்கு நான் போனதே இல்லை.

குறித்த நாள் காலையில், வற்றிக் கிடந்த திருப்புட்குழி ஏரியில் போய் இறங்கினேன். கரை முழுக்க ஊர். மாமனார் மடி வஸ்திரம் முழுவதையும் கட்டிக்கொண்டு தயாராக நின்றார். தோல் தொப்பியை நீட்டினேன்.

"தோலா? என் தலையிலேயா?"

தலைக்குப் பட்டு அங்கவஸ்திரத்தைச் சுற்றிக்கொண்டார். முன் இருக்கைக்காரரும் பின் இருக்கைக்காரரும் பேசிக்கொள்ள ஒரு ரப்பர் குழாய் உண்டு. முன் இருக்கையில் ஏறிய மாமனாரின் அங்கவஸ்திரத்துக்குள் அதன் முனையைச் செருகினேன். கரையில் என் மனைவி நின்றாள். அத்தனை ஜனத்துக்கு நடுவில் பேச முடியுமா? இடது கையால் எதையோ பின்னால் இழுத்து, உடனே முன்னால் தள்ளுவதுபோல் ஒரு ஜாடை காட்டினாள். ஈ ஓட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பினோம். குழம்புப் பதத்தில் என்ஜின் கம்பீரமாக முழங்கியது. காஞ்சீபுரம் கண்ணில் படும் வரை மாமனார் பேசவில்லை. பட்டதும் நிறுத்தவில்லை.

"மாப்பிள்ளை, நேரே ஏதோ கோவில் மாதிரி தெரியறதே? பெருமாள் தலைக்கு மேல போகப்படாது. ஒதுங்கிப் போம்."

ஒதுங்கினேன்.

"இந்தப் பக்கமும் ஒண்ணு வரதே!"

"அது சிவன் கோவில் மாமா."

"அதுவும் வேண்டாம். எதுக்கு வம்பு?"

காஞ்சீபுரத்தில் கோவில் தலைக்கு மேல் போகாமல் பறப்பது என்றால் என்ன என்பது அந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும். தறியில் ஓடும் நாடா மாதிரி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்துகொண்டே ஏறினேன். ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஊர் சின்னதாகிக்கொண்டே வந்தது. தெருவில் நெசவுக்காக நீட்டிக் கட்டியிருந்த பட்டுப் பாவுகள் கலர் நூலாகி, அப்புறம் மறைந்தே போயின. வெயில் ஏறியும் குளிர் தட்டியது. என்ஜினின் குரல் மாறியது. தொண்டையில் கோழை கட்டினவர் பாராயணம் பண்ணுவதுபோல் கரகரத்தது. பின்னால் திரும்பிப் பார்த்தால் மெல்லிசாகக் கரும்புகை.

சாத்தமுது!

சின்னப் பிடியை இம்மியளவு இழுத்தேன். கரகரப்புக் குறைந்தது. என்ஜினின் சுற்றைக் காட்டும் முள் ஒரு துளி ஏறியது. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். இன்னும் ஏறியது. அந்தக் கணத்தின் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. உப்புச் சரியாக விழுந்த பதம். பிறகு என் கை சும்மா இருக்குமா? இன்னும் இழுத்தேன். என்ஜின் ஒரு இருமல் இருமியது.

"மாப்பிள்ளை! என்ன அது?"

"பதம் பாக்கறேன் மாமா."

"எதுக்கு?"

"என்ஜினுக்கு."

"அது சாப்பிடற லட்சணத்தை அப்புறம் பாரும். சமுத்திரம் எங்கே?"

முன்னால் தள்ளிச் சரிசெய்துகொண்டேன். இன்னும் ஏறினேன். மறுபடி கரகரப்பு, மறுபடி இழுத்தேன். மோர் பதம் வந்தது. கிழக்கே, பூமி முடிகிற இடத்தில், வெள்ளிச் சரிகை ஒட்டினதுபோல் ஒரு கரை மின்னியது. இறக்கைக்குக் கீழே வரதர் கோபுரம் ஒரு மரப்பாச்சி உயரத்தில் நின்றது.

குழாயில் வெகுநேரம் சத்தமில்லை. மயக்கம் போட்டுவிட்டாரோ என்று எட்டிப் பார்த்தேன். அங்கவஸ்திரம் இடமும் வலமும் ஆடியது.

"மாப்பிள்ளை... அது நிஜமா சமுத்திரந்தானா?"

"ஆமாம் மாமா."

"உப்பு வாசனையே வரலையே?"

"ரொம்ப தூரம் மாமா."

"ஓ." பிறகு, தாசில்தார் அதட்டலே இல்லாத குரலில், "இன்னும் ஒரு சுத்து சுத்தலாமோ?" என்றார்.

சுற்றினேன். ஜெயித்துவிட்டேன் என்று மனசு குதித்தது. இனி இறக்க வேண்டியதுதான் பாக்கி. மனைவி சாயங்காலம் வீட்டில். பெரிய பிடியை இழுத்து மூக்கைத் தாழ்த்தி, மேற்கே திருப்புட்குழியை நோக்கிச் சறுக்கவிட்டேன். எல்லாம் முடிந்த திருப்தி. வயிறு நிறைந்த மாதிரி. மோர் சாதம் சாப்பிட்டு முடித்தவன் மறுபடி குழம்பைக் கேட்பானா? எங்கள் குலத்தில் கேட்டது கிடையாது. இறங்க இறங்கக் காற்று அடர்த்தியாகும், பெட்ரோலைக் கூட்ட வேண்டும், சின்னப் பிடியை முன்னால் தள்ளிக் கெட்டிப் பதத்துக்குப் போக வேண்டும் என்பது என் சாப்பாட்டில் எந்த இடத்திலும் வரவில்லை. நல்ல விமானங்களில் பெரிய பிடியை இழுத்தாலே ஒரு கொக்கி சின்னப் பிடியையும் கெட்டிப் பக்கம் கொண்டுபோய்விடும். ஜமீன்தார் வாங்கிய விமானத்தில் அந்தக் கொக்கி எப்போதோ தேய்ந்து போயிருந்தது. ஆக, மோர் பதத்திலேயே ஏரிக்கரையை நெருங்கினோம். பெரிய பிடியை இழுத்தே வைத்திருந்ததால் என்ஜின் முணுமுணுத்துக்கொண்டு வந்தது. தப்பு வெளியே தெரியவில்லை.

ஏரியின் நட்ட நடுவில் எருமைகள்.

காலையில் இல்லை. நாங்கள் சமுத்திரம் பார்த்துக்கொண்டிருந்தபோது வந்திருக்க வேண்டும். பரவாயில்லை, வேகம் கொடுத்து மேலே எழும்பி இன்னொரு சுற்று வரலாம் என்று பெரிய பிடியை முன்னால் தள்ளினேன். என்ஜின் கர்ஜிப்பதற்குப் பதிலாக ஒரு ஏப்பம் விட்டது. இன்னொரு ஏப்பம். அப்புறம் ஒரு வெடி. விசை வரவே இல்லை.

"மாப்பிள்ளை! எருமை! எருமை!"

எனக்கு மூளை ஓடியது. மோர் ஆயிற்று, மோருக்கு அப்புறம் என்ன? மோருக்கு அப்புறம் என்ன? கை அதுவாகவே விடை கண்டுபிடித்தது. வெற்றிலை பாக்கு. ஸ்விச்சை அணைத்துவிட்டேன்.

ஏப்பமும் நின்றது. கம்பிகளில் காற்று விசில் அடிப்பது மட்டும் கேட்டது. அந்த நிசப்தத்தில் எருமைக்காரர் கத்தியது காதருகில் கேட்பதுபோல் கேட்டது: "யோவ் சாமீ! எருமை மேய்ஞ்சிக்கினு இருக்குது, கண்ணு தெரியல? இன்னாயா தலை மேல வந்துக்கினு கீற!"

காலடிப் பலகையை ஒரு பக்கமாக மிதித்து விமானத்தை ஓரமாக ஒடித்தேன். எருமைகளுக்கும் ஏரிக்கரைக்கும் நடுவில் ஒரு சந்து. அதில் தடாலென்று உட்கார்ந்து, குதித்து, மறுபடி உட்கார்ந்து, கரைச் சரிவில் மூக்கு முட்டப் போய் நின்றோம். ஓர் எருமை தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மேயப் போயிற்று.

என் சம்சார வாழ்க்கை முடிந்தது என்று நினைத்துக்கொண்டு கீழே குதித்தேன். மாமனார் மெதுவாக எழுந்தார். அங்கவஸ்திரம் அவிழ்ந்து கழுத்தில் தொங்கியது; குடுமி நட்டமாக நின்றது. கரையில் கூடியிருந்த ஊரை ஒரு பார்வை பார்த்தார்.

"பாத்தேளா? சத்தமே இல்லாம, பூ மாதிரி எறக்கினார்! கருடன் கூட எறங்கறச்சே எறக்கையை அடிச்சுக்கும். எங்க மாப்பிள்ளை என்ஜினையே நிறுத்திட்டு எறங்கறார்!"

ஊர் ஆர்ப்பரித்தது. நான் கை கூப்பினேன். வேறென்ன செய்ய? என்ஜினை நிறுத்தியது நான்தான். அதில் பொய் இல்லை. கூட்டத்தோடு கூட்டமாக என் மனைவி இறக்கையருகே வந்தாள்.

"நிறுத்தறதுக்கு முன்னாடி அது ஏன் இருமித்து?" என்றாள், உதடு அசையாமல்.

"எருமையைப் பாத்து."

"மோர்லேர்ந்து திரும்பிப் போகலை. அப்படித்தானே? நான்தான் கையால காட்டினேனே!"

நான் இறக்கைத் துணியைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"ஏறறது ஒரு பந்தின்னா, எறங்கறது இன்னொரு பந்தி. புது எலை போட்டுக் குழம்புலேர்ந்து ஆரம்பிக்கணும். இது கூடவா தெரியாது? அப்பாகிட்ட நான் ஒண்ணும் சொல்லப் போறதில்லை. மூஞ்சியைத் தொடச்சுக்கோங்கோ, வேர்க்கறது."

அத்துடன் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மாமனார் குளித்து, திருமண் இட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்தார். அவளும் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் பெட்டியைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"இதென்ன?"

"நீங்கதானே மாமா சொன்னேள், அன்னிக்கே அனுப்பறேன்னு?"

"சொன்னேன். யார் இல்லைன்னா? ஆனா மாப்பிள்ளை, இவ இங்கே இருக்கறதனாலதானே நீங்க அதைத் தூக்கிண்டு இங்கே வரேள்? இவளையும் அனுப்பிட்டா, அப்புறம் அது எதுக்கு இந்தப் பக்கம் வரும்? அடுத்த வாரம் திருப்பதி மலையை மேலேர்ந்து பாக்கணும்னு இருக்கேன். பெருமாள் தலைக்கு மேல இல்லை, பக்கவாட்டுல."

எனக்கு நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன். ஏறினதனால் பெண் கிடையாது; ஏறாவிட்டாலும் கிடையாது. எந்தக் கோர்ட்டில் போய் இந்த வழக்கைச் சொல்வேன்? என் கட்சியை எடுத்து வாதாட வாய் திறந்தேன். அதற்குள் என் மனைவி பேசிவிட்டாள்.

"அப்பா, அது தூங்கறது செவிலிமேட்டுல. கொட்டகை அங்கே இருக்கு, பெட்ரோல் அங்கே இருக்கு. எங்காத்துலேர்ந்து நடந்து போற தூரம். இங்கே ஒக்காந்துண்டு அது எப்ப வரும் எப்ப வரும்னு ஆகாசத்தைப் பாத்துண்டிருக்கப் போறேளா?"

மாமனார் பெட்டியைத் தானே வாசல் பக்கம் நகர்த்தினார். "வண்டியைக் கட்டச் சொல்லு" என்றார்.

அவர்கள் வண்டி கிளம்புவதற்கு முன்பே நான் ஏரிக்குப் போய்விட்டேன். பறந்து போய், அவள் வரும்போது வாசலில் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. காலையில் கலவை நீர்த்ததனால்தானே வம்பு? இந்தத் தடவை குறை வைக்கக் கூடாதென்று சின்னப் பிடியை முழுக்கக் கெட்டிப் பக்கம் தள்ளினேன். சூடு ஆறாத என்ஜினுக்கு, கார்புரேட்டர் நிரம்பி வழியும் மட்டும், பெட்ரோலை ஊட்டினேன். மூக்கில் இருந்த விசிறியைக் கையால் சுழற்றினேன். என்ஜின் மூச்சுக்கூட விடவில்லை. வயிறு முட்டத் தின்றவனைப்போல் படுத்துக் கிடந்தது. கீழே பெட்ரோல் சொட்டியது. ஸ்விச்சை அணைத்து, பெரிய பிடியை முழுக்க முன்னால் தள்ளி, தின்றதெல்லாம் வெளியேற விசிறியைப் பின்பக்கமாகச் சுற்ற வேண்டும். சுற்றினேன். கை ஓய்ந்தது. எருமைக்காரர் வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னா சாமி, இன்னிக்குப் போவுமா அது?"

"போகும்பா."

"எருமைன்னா வாலை முறுக்கிடலாம். இதுக்கு எங்க முறுக்கறது?"

அவர் சிரித்துக்கொண்டே ஒரு கை கொடுத்தார். கரைமேல் மாமனாரின் வண்டி போயிற்று. "மெதுவா வாங்கோ மாப்பிள்ளை, அவசரமில்லை!" என்று மாமனார் கையை ஆட்டினார். பக்கத்தில் என் மனைவி சிரிக்காமலிருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தாள். வண்டிக்குப் பின்னால் ஒரு படுக்கைச் சுருட்டு, ஒரு கூஜா, ஒரு பூஜைப் பெட்டி கட்டியிருந்ததைப் பார்த்தேன். அவள் எதற்கு இவ்வளவு சாமான் கொண்டுவருகிறாள் என்று யோசித்தேன்.

சாயங்காலம் ஒருவழியாகக் கிளம்பிய விமானத்தைச் செவிலிமேட்டில் இறக்கிவிட்டு, பெட்ரோல் நாற்றத்தோடு ஜட்கா பிடித்து வீட்டுக்கு வந்தேன். கூடத்தில் என் தகப்பனார் சுவடியை மூடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாடம் கேட்கும் சிஷ்யர்கள் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஊஞ்சலில் மாமனார்.

"...அங்கே போனா, கோபுரம் இத்தனூண்டு தெரியும். அந்த ஒசரத்துல என்ஜினுக்குப் பதம் பாத்து ஊட்டணும். அதெல்லாம் எல்லாருக்கும் வராது. அடடா, வாங்கோ மாப்பிள்ளை! நாளைக்கு எத்தனை மணிக்கு?"

சமையலறை வாசலில் என் மனைவி நின்றாள். பக்கத்தில் போனேன்.

"எத்தனை நாள் இருப்பார்?"

"திருப்பதி பாக்கற வரைக்கும்னார். அதுக்கப்பறம் ராமேஸ்வரம் இருக்காம்." டம்ளரைக் கையில் கொடுத்தாள். "நான் வந்தாச்சோல்லியோ? கேட்டது அதுதானே? குடிச்சுட்டுப் போய் அவர்கிட்ட மணி சொல்லுங்கோ."